பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார் வாங்கிவிட்டு எஞ்சினோடு மல்லுக்கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் என் வீட்டு மாமரத்துக்குக் கீழே 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. 2016இல் வவுனியாவில் வாங்கினேன். நான் மெக்கானிக் இல்லை, நெல்லும் உரமும் விற்கிற ஆள். ஆனால் அந்தக் காரோடு முதல் இரண்டு வருடம் பட்ட பாட்டில் கொஞ்சம் பிடிபட்டது, அதற்குக் கொடுத்த காசில் ஒரு பழைய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வாங்கியிருக்கலாம். இப்போது மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவு என்று யார் பழைய கார் வாங்கினாலும் மூன்றாம் நாள் எனக்குப் போன் வருகிறது. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று இது. எஞ்சின் பற்றி மட்டும். பிரேக்கைப் பற்றி ஒரே வரி: எஞ்சினைத் தொடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள், ஓடாத காரால் யாருக்கும் அடிபடாது.

கார் நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தது. முதலில் என்ன செய்வது?

ஸ்ராட் பண்ணாதீர்கள். தெரியும், அயலவர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள், மச்சான் பற்றறியோடு வந்திருப்பார், பிள்ளைகள் பின்சீற்றில் ஏறியிருப்பார்கள். இருந்தாலும் வேண்டாம்.

கொட்டிலில் பல வருடம் நின்ற காரில் எலி வயரைக் கடித்திருக்கும், குளவி சைலன்சர் குழாய்க்குள் மண்கூடு கட்டியிருக்கும், சிலிண்டருக்குள் ஒயில் முழுக்க வடிந்து காய்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் ஸ்ராட்டரை அழுத்தினால் பிஸ்ரன் றிங் வெறும் இரும்பில் உரசும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் முன்பக்கத்தால் ஹாண்டிலைக் கொடுத்துக் கையால் சுற்றுங்கள். பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும், எஞ்சின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும். பிளக் இல்லாமல் சுற்றும்போது அடிக்காது, ஆனால் பழக்கம் முதல் நாளே வரட்டும்.

சுற்றவில்லை என்றால் நீளக் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம். டீசலும் ஒயிலும் கலந்து விட்டு ஒரு கிழமை பொறுங்கள், ஒவ்வொரு நாளும் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இளகும்.

அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள். என்ன செய்தீர்கள், என்ன மாறியது என்று எழுத. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். பிளக்கையும் பொயின்ற்றையும் காபரேற்றரையும் ஒரே பின்னேரத்தில் கழற்றிப் பூட்டினால், கார் திருந்தினாலும் எதனால் திருந்தியது என்று தெரியாது, கெட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது.

மொறிஸ் என்று வாங்கினேன். எஞ்சினும் மொறிஸ்தானா?

நல்ல கேள்வி, இதை வாங்குவதற்கு முன்பு கேட்டிருக்கலாம். இங்கே ஓடுகிற மைனர்களில் ஜப்பான் எஞ்சின் ஏற்றியவை நிறைய, டற்சன் எஞ்சின்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். அப்படியென்றால் கீழே உள்ள அளவுகள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

சொந்த எஞ்சின் என்றால் மைனரில் 1952க்குப் பிறகு 803 சிசி, 1956இலிருந்து 948, 1962இலிருந்து 1098. எஞ்சின் இலக்கம் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. ஒஸ்ரின் ஏ30, ஏ35 இரண்டுக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான். (வவுனியாவிலிருந்து மன்னார்ப் பக்கம் போகிற வீதியின் பெயரும் ஏ30, பரந்தன் முல்லைத்தீவு வீதியின் பெயரும் ஏ35. ஏ35 இல் ஏ35 ஓட்டுகிற ஒருவரையாவது பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று எனக்கொரு ஆசை.) பழைய ஏ40, டெவனும் சோமசெற்றும், 1200 சிசி, அது வேறு குடும்பம்.

இலக்கம் வாகனப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துவராவிட்டால் திகைக்க வேண்டாம், வன்னியில் இரண்டு மூன்று காரைச் சேர்த்து ஒன்றாக்கியவைதான் பல. ஆனால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளுங்கள், விற்கும்போது தலையிடி.

ஸ்ராட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

நெருப்பா (பிளக்கில் பாய்கிற மின்பொறி), பெற்றோலா? இந்த இரண்டில் எது இல்லை என்று முதலில் பிரித்துவிட வேண்டும். எல்லாரும் காபரேற்றரில்தான் கை வைப்பார்கள், அது கண்ணுக்கு முன்னால் இருப்பதால். பத்தில் எட்டுத் தரம் குற்றம் நெருப்பில் இருக்கும்.

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து எஞ்சின் இரும்பில் படவைத்துச் சுற்றவிட்டுப் பாருங்கள், பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலமாகத் தடித்துப் பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக நூல்போல வந்தால், அல்லது வரவே இல்லை என்றால், டிஸ்ரிபியூற்றர் (நான்கு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கிடுகிறது) மூடியைத் திறந்து, உள்ளே திறந்து மூடுகிற பொயின்ற்றைப் பாருங்கள். நின்ற காரில் பொயின்ற்றின் முகத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் மாதிரி ஒன்று படிந்திருக்கும், அதை மெல்லிய அரத்தாளால் தேய்த்துத் துடைத்தாலே பாதிக் கார்கள் எழும்பிவிடும். இடைவெளி 0.015 இஞ்சி. பிளக்குக்கு 0.025, பீலர் கேஜ் இல்லாவிட்டால் இரும்பு அரிகிற வாளின் அலகு கிட்டத்தட்ட அந்தத் தடிப்புத்தான். மாரி காலத்தில் மூடியின் உள்பக்கம் ஈரமாக இருக்கும், உலர்ந்த துணியால் துடையுங்கள், மெல்லிய கறுப்புக் கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோடு வழியாகத்தான் நெருப்பு ஓடித் தொலைகிறது.

நெருப்பு நன்றாக இருந்தால் பெற்றோல். மைனரில் மின்சாரப் பம்ப், சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாய் எங்கோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லை என்றால் திருப்புளிப் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் அடித்தால் அதற்குள் இருக்கிற பொயின்ற் தேய்ந்துவிட்டது. ஒஸ்ரின் ஏ30, ஏ35இல் பம்பை எஞ்சினே ஓட்டும், டிக் டிக் கேட்காது, தேட வேண்டாம்.

நன்றாக ஓடுகிறது, 20 நிமிடத்தில் நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் திரும்ப எழும்புகிறது.

இதற்குப் பல காரணம், எல்லாம் வெளியில் ஒரே மாதிரித் தெரியும். அதனால்தான் ஆட்கள் இதில் அதிகம் காசு விடுகிறார்கள். நின்ற உடனேயே, ஆறுவதற்கு முன், ரோட்டோரத்திலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்கு இழுத்துவந்து பார்த்தால் எல்லாம் நல்லதாகத்தான் இருக்கும்.

முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. குளவிக்கு அந்தத் துளை என்றால் கொள்ளைப் பிரியம்.

சத்தம் இல்லையா? சரி, நெருப்பைப் பாருங்கள். நெருப்பு இல்லை அல்லது மெலிந்துவிட்டது என்றால் கொன்டென்சர் (பொயின்ற்றோடு பூட்டியிருக்கிற சின்னக் குப்பி), அல்லது கொயில் (நெருப்புக்கு வேண்டிய மின்சாரத்தைக் கூட்டிக் கொடுப்பது). இரண்டும் சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்க்கிறவை. கொன்டென்சர் என்றால் பொயின்ற் நீலம்பாரித்துக் கருகியிருக்கும். விலையும் குறைவு, முதலில் அதை மாற்றுங்கள். கொயிலை மல்ரிமீற்றரில் அளந்தால் இரண்டு சின்ன முனைகளுக்கிடையில் 3 ஓமுக்குக் கிட்ட இருக்க வேண்டும், சூடாக இருக்கும்போதே அளவுங்கள். டிஸ்ரிபியூற்றருக்குள் ஒரு சின்ன எர்த் வயர் இருக்கும், துணி சுற்றிய வயர், அது உள்ளே அறுந்து வெளியே முழுசாகத் தெரியும். என்னுடைய கார் குழியில் விழுந்தால் நிற்கும், அடுத்த குழியில் எழும்பும், அதற்கு இந்த வயர்தான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம்.

நெருப்பு நன்றாக இருக்கிறது, பெற்றோல் வரவில்லை என்றால், ஒன்றில் தாங்கிக்குள் துரு. ஓடும்போது துரு வந்து குழாய் வாயை அடைக்கும், நின்றதும் கீழே விழுந்துவிடும், பிறகு பார்த்தால் ஒன்றுமில்லை. அல்லது வெயிலுக்குப் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் மட்டும் நின்றால் இதுதான். பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். துரு என்றால் தாங்கியை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை, நடுவில் வடிகட்டி போட்டுச் சமாளிக்கிறவர்கள் ஒவ்வொரு கிழமையும் வடிகட்டி மாற்றுவார்கள்.

சூடேறுகிறது. ரேடியேற்றர், கஸ்கற், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று, இன்னும் சூடேறுகிறது.

இதற்கு என் கதையையே சொல்கிறேன். வாங்கிக் கொண்டுவந்த அன்றே, புளியங்குளம் தாண்டிக் கனகராயன்குளம் வருவதற்குள் ரேடியேற்றர் மூடியால் ஆவி. ஆறவிட்டு, ஒரு கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, மாங்குளத்தில் திரும்ப நிறுத்தி, வீடு வரும்போது இரவு எட்டு மணி. முதல் மெக்கானிக் ரேடியேற்றரைக் கழற்றிக் குத்தித் துப்புரவாக்கினார். கொஞ்சம் நல்லம், ஆனால் சூடு போகவில்லை. இரண்டாமவர் ஹெட் கஸ்கற் (எஞ்சின் பிளொக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற தகடு) என்றார், திறந்தார், உள்ளே ஒன்றுக்கு இரண்டு கஸ்கற் இருந்தது, ஏன் என்று அவரும் கேட்கவில்லை நானும் கேட்கவில்லை, இருந்தபடியே புதிதாக இரண்டை வாங்கி வைத்து மூடினார். மூன்றாமவர் தெர்மோஸ்ராற்றை, தண்ணீர் சூடாகும்வரை ரேடியேற்றருக்குப் போகாமல் தடுக்கிற வால்வை, பிடுங்கி எறிந்தார். அது எல்லாரும் செய்கிறதுதான், ரேடியேற்றர் அடைபட்டிருந்தாலும் ரைமிங் (பிளக்கில் நெருப்பு பாய்கிற நேரம்) பிழைத்திருந்தாலும் தெர்மோஸ்ராற்றைப் பிடுங்கி எதுவும் மாறாது.

பிறகு பரந்தனில் ஓய்வாக வீட்டில் இருந்த ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் பொனெற்றைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு, "ஓட்டு தம்பி" என்றார். ஆனையிறவுப் பக்கம் இரண்டு மைல் போனோம். "இது இழுக்கேல்லையே" என்றார். இழுக்கவில்லைதான், நான் பழைய கார் இப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்து, டிஸ்ரிபியூற்றரின் பிடியை இளக்கி, எஞ்சின் ஓட ஓட ஒரு நகத்தளவு திருப்பினார். சத்தமே மாறிவிட்டது. அவ்வளவுதான். அவர் என்னிடம் வாங்கிய கூலி ஒரு பிளேன் ரீ.

ரைமிங் பிந்தியிருந்தால் பெற்றோல் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் எரியாமல், வெளியே போகிற நேரத்தில் எரியும். அந்தச் சூடு முழுவதும் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகும். இரவில் பொனெற்றைத் திறந்தால் புகை போகிற குழாய் மங்கலாகச் சிவந்திருப்பது தெரியும். எனக்கும் தெரிந்தது, அழகாக இருக்கிறது என்று படம் எடுத்து வைத்தேன்.

நீங்களே பார்க்கலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்புங்கள், ஒரு பக்கம் திருப்பும்போது வேகம் நன்றாகக் கூடினால் அதுவரை பிந்தித்தான் இருந்திருக்கிறது. எதுவரை திருப்புவது என்றால், மேட்டில் முழு அக்சிலேற்றரில் ஏறும்போது உள்ளே சரளைக்கல் குலுக்குகிற மாதிரி லேசாக ஒரு சத்தம் வரும், அது வந்ததும் ஒரு மயிரிழை பின்னுக்கு. வன்னியில் மேட்டுக்கு எங்கே போவது என்றால் குளக்கட்டுத்தான். இல்லாவிட்டால் தட்டை ரோட்டில் மேல் கியரில் 30 மைலில் போய் அழுத்தி மிதியுங்கள்.

ரைமிங் சரி என்றால் பிறகு தண்ணீர்ப் பக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும், அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றருக்குள்ளும். எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு ரேடியேற்றரைக் கையால் தடவுங்கள், குளிர்ந்துபோய் இருக்கிற இடம் அடைபட்ட இடம். பிளொக்கின் பின்பக்க ஓரத்தில் ஒரு சின்ன வடிகுழாய் உண்டு, அதைத் திறந்தால் தண்ணீர் வராது, சேறு அடைத்திருக்கும், கம்பியால் குத்தி முழுவதையும் கழுவுங்கள். பிறகு மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். பான் பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்தினால் அரை இஞ்சிதான் போக வேண்டும். கஸ்கற்றைச் சந்தேகித்தால் குளிர்ந்த எஞ்சினை மூடி இல்லாமல் எழுப்பிப் பாருங்கள், உடனேயே விடாமல் குமிழி வந்தால் சந்தேகம் சரி. சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வருடத்துக்கு ஒருவர் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1990க்கும் 2002க்கும் இடையில் வடக்கில் ஓடிய காரா? அப்படியானால் ஓடியிருக்கும். பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் மருந்துபோலத்தான் கிடைத்தது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து அதில் எழுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றத் தெரிந்தவருக்கு அடுத்த நாளும் கார் எழும்பியது. ஏ40களும் மைனர்களும் நோயாளியையும் கல்யாண மாப்பிள்ளையையும் அப்படித்தான் ஏற்றின. கெட்டித்தனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கெட்டித்தனங்கள் இன்னும் உங்கள் எஞ்சினுக்குள் இருக்கின்றன, 92 ஒக்ரேன் பெற்றோலை ஊற்றிவிட்டு ஏன் இழுக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

பெற்றோல் குழாயில் ஈயம் ஒட்டிய ஒரு கிளை, அல்லது தேவையில்லாத இடத்தில் ஒரு சின்னத் திறப்பு, போத்தல் மாட்டிய கம்பி வளையம், இப்படி ஏதாவது தடயம் இருக்கும். மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் சீக்கிரம் தானாக வெடித்துத் தட்டும், அதனால் ரைமிங்கைப் பிந்த வைத்தார்கள், கொம்பிரசனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை நெரிபடுகிற அழுத்தத்தை, குறைக்க இரண்டு கஸ்கற் வைத்தார்கள். ஆம், என்னுடையதிலும் அதற்குத்தான். லேசில் ஆவியாகாது என்பதால் காபரேற்றரில் பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஜெற் நட்டைக் கீழே இறக்கிக் கலவையைத் தடிப்பாக்கினார்கள், இன்று பெற்றோலில் அது கறுப்புப் புகையாக வருகிறது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஒயிலோடு கலந்தது, அதில் தேய்ந்த பெயரிங்கும் றிங்கும் தேய்ந்தபடிதான் இருக்கும், அதை எந்த நட்டைத் திருப்பியும் சரிசெய்ய முடியாது. மற்றவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அதைச் செய்து பாருங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது.

கொம்பிரசன் பார்க்கக் கேஜ் இல்லை.

ஹாண்டில் இருக்கிறதே. பிளக் எல்லாம் பூட்டி, சாவியை எடுத்துவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு நான்கு தரம் கை இறுகும். நான்கும் ஒரே இறுக்கமா? ஒன்று சோர்ந்து போகிறதா? நெருப்பு வரிசை 1, 3, 4, 2, அதை வைத்து எது என்று எண்ணிவிடலாம்.

கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லம். நல்ல 948 எஞ்சினில் 130க்கும் 160க்கும் இடையில் பிஎஸ்ஐ வரும், ஆனால் எண்ணைவிட நான்கும் ஒத்திருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, குறிப்பாக 2ஆவதும் 3ஆவதும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் கஸ்கற் போயிருக்கிறது, இந்த எஞ்சினுக்கு அது பழக்கமான வருத்தம். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் உடனே எஞ்சின் செத்தது என்று அழ வேண்டாம். எனக்கு நான்கிலும் 115, 120 என்று வந்தது. பாதி தேய்மானம், மீதி அந்த இரட்டைக் கஸ்கற்.

புகை?

கறுப்பு என்றால் பெற்றோல் கூட, காபரேற்றரையும் சோக் இழுபட்டபடி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். நீலம் என்றால் ஒயில். மிதித்து இழுக்கும்போது நீலம் வந்தால் றிங், காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும்போது மட்டும் ஒரு கொத்தாக வந்தால் வால்வ் கைட். வெள்ளை, மார்கழிக் காலையில் ஐந்து நிமிடம் வந்து நின்றால் அது வெறும் ஈரம். நிற்காமல் வந்து தண்ணீரும் குறைந்தால் கஸ்கற். ஒயில் மூடியின் கீழ் தயிர்போல ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் முதலில் ஒயில் கம்பியைப் பாருங்கள், கம்பியில் ஒயில் சுத்தமாக இருந்தால் நீங்கள் காரைச் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

உள்ளே ஏதோ அடிக்கிறது.

எப்போது அடிக்கிறது என்பதுதான் கேள்வி. குளிரில் அடித்துச் சூடானதும் போனால் பிஸ்ரன், இன்னும் பல வருடம் ஓடலாம். தையல் மெசின்போல மேலே டக் டக் என்று, மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் கேட்டால் வால்வ் இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில் 0.012 இஞ்சி வைக்க வேண்டும். கீழேயிருந்து கெட்டியாக, மிதித்து விடும்போது கூடுதலாகக் கேட்டால் கொனெக்ரிங் றொட் பெயரிங். ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பாருங்கள் (ரப்பர்க் கையுறை போடுங்கள், அந்த அடி மறக்காது), எதை எடுக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டர். அதோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். பாரத்தில் இழுக்கும்போது அடிவயிற்றில் உறுமினால் மெயின் பெயரிங். நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினில் அங்கங்கே வைத்துக் கேட்டால் இடம் பிடிபடும்.

என்னுடையதுபோன்ற மைனரில் ஒயில் அழுத்தத்துக்குச் சின்ன விளக்கு மட்டும்தான், அது எரியும்போது காலம் கடந்திருக்கும். இரவல் கேஜ் ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். சூடானபின் ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, மெதுவாக நிற்கும்போது 15 இருந்தால் தாராளம். ஒயில் 20டபிள்யூ50. மெல்லிய புதுக்கார் ஒயிலை ஊற்றிவிட்டு அழுத்தம் இல்லை என்று போன் பண்ணாதீர்கள்.

அக்சிலேற்றரை மிதித்ததும் திக்கி, பிறகுதான் போகிறது.

எஸ்யூ என்கிற வகைக் காபரேற்றர் என்றால் உச்சியில் உள்ள கறுப்பு அல்லது பித்தளை மூடியைத் திருகி எடுங்கள், அதற்குள் மெல்லிய ஒயில் இருக்க வேண்டும். யாருமே விடுவதில்லை. அதே நேரம் உள்ளே இருக்கிற பிஸ்ரனை விரலால் தூக்கி விடுங்கள், டக் என்று விழ வேண்டும். செம்மண் புழுதி ஏறி இறுகியிருந்தால் கழற்றிப் பெற்றோலில் கழுவித் துடையுங்கள், அரத்தாள் போட வேண்டாம்.

பெற்றோலிலும் சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்க் கறை மிஞ்சினால் யாரோ மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள்.

பற்றறியை எப்படிப் பூட்டுவது?

புத்தகத்தைப் பார்த்து, கண்ணை நம்பி அல்ல. இந்தக் கார்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பொசிற்றிவ்தான் எர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடம்போடு பூட்டியிருக்கும். பிறகு பல பேர் றேடியோ பூட்டுவதற்காக மாற்றியிருக்கிறார்கள், சிலர் பாதி மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும், மறந்தால் கார் ஓடும், ஆனால் நெருப்பு மெலிந்து, எழும்பக் கஷ்டப்பட்டு, வேகத்தில் விக்கும்.

ஈயமில்லாத பெற்றோல் எஞ்சினைக் கெடுக்குமா?

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது, அன்றிலிருந்து எல்லாரும் இதில்தான் ஓடுகிறோம். வால்வ் உட்காருகிற இடம் மெல்ல மெல்லத் தேயும், அடையாளம் என்னவென்றால் வால்வ் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். 40 மைலில் ஓடுகிற காருக்கு அவசரம் இல்லை. வேறு எதற்காவது ஹெட் கழற்றும் நாளில் கெட்டி இரும்பு சீற் போட்டுவிடுங்கள். உதிரிப்பாகத்துக்குக் கவலை வேண்டாம், இந்த எஞ்சின் மினியில் 2000ஆம் ஆண்டு வரை வந்தது, கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும்.

முறிகண்டியில் தேங்காய் உடைக்க வேண்டுமா?

உடையுங்கள். ஏ9 வீதியில் போகிற எல்லா வாகனமும் அந்தப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கிறது, எஞ்சினுக்கும் ஒரு பத்து நிமிடம் ஆறுதல். கச்சானும் வாங்கலாம். இறங்கும்போது காருக்குக் கீழே ஒயில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், கும்பிடுகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்.

விற்றவரிடம் இப்போது கேட்டுப் பிரயோசனம் இருக்கிறதா?

நிறைய இருக்கிறது, நான் கேட்காமல் விட்டதுதான் என் மடத்தனம். குறை எதுவும் இல்லை, நல்ல ஓட்டம் என்பது போன்ற விடைகள் வராதபடி கேளுங்கள். கடைசியாக எப்போது ஓடியது, எதில் ஓடியது, யார் திறந்தது, ஏதாவது சின்ன வேலை நீங்களே செய்தீர்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம்.

பரந்தன் ஐயா ரைமிங்கைத் திருத்திய பிறகு, விற்ற பெரியவருக்குப் போன் பண்ணினேன். அவர் அந்தக் காரை 2002இல் ஏ9 பாதை திறந்ததும் வவுனியாவில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிலில் விட்டவர், அதற்குப் பிறகு ஓட்டவில்லை. கதையைச் சொன்னதும் சிரித்தார். "டிஸ்ரிபியூற்றர் கழுத்தில பாருங்கோ தம்பி, ரெண்டு கோடு கீறி வைச்சிருக்கிறன். மேல் கோடு மண்ணெண்ணெய்க்கு, கீழ்க் கோடு பெற்றோலுக்கு. மாத்திவிட மறந்துபோனன்."

பீளை மாதிரி ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்துப் பார்த்தேன், இருந்தது. ஆணியால் கீறிய இரண்டு கோடு. ஐயா காதால் கேட்டு வைத்த இடம் கீழ்க் கோட்டில் அச்சொட்டாக இருந்தது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று வெறுத்த ஒரு நாள் பொனெற்றைத் திறந்து மேல் கோட்டையும் ஒருதரம் பார்த்தேன்தான், ஆனால் அந்த வருடம் மண்ணெண்ணெய் வரிசை அதைவிட நீளம்.